ஒரு நிமிடச் சிவப்பு

பலகையில் அத்தனை புள்ளிகளும் பச்சை. ஒன்றுகூட மஞ்சள் இல்லை. பேராசிரியர் மங்கையர்க்கரசி பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்தப் பச்சையைச் சற்று நேரம் ரசித்தார். ரசித்தால் என்ன தப்பு? மண் இயக்கவியல் என்ற பேரைக் கேட்டாலே மாணவர்கள் கான்டீனுக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தப் பாடத்தில் மாநிலத்திலேயே அதிகப் பச்சை வாங்குகிறவர் அவர்தான். கல்லூரி வாசலில் அவர் படத்தைப் போட்டுச் சேர்க்கைக்கு விளம்பரமே செய்திருந்தார்கள்.

புரிவுப்பட்டை வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சின்னப் பட்டை. நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் இன்னும் என்னென்னவோ நுணுக்கங்களையும் பார்த்து, கேட்கிறவருக்குப் புரிகிறதா என்று அந்தக் கணமே சொல்லிவிடும். புரிந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், புரியாவிட்டால் சிவப்பு என்று பட்டையும், வகுப்புப் பலகையில் அவரவர் புள்ளியும் எரியும். வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் ஒரு நிமிடம் சிவப்பில் இருந்தால் நிமிடமணி அடிக்கும். அடித்தால் ஆசிரியர் அப்படியே நிறுத்தி, முதலிலிருந்து வேறு மாதிரி சொல்லியாக வேண்டும். அதுதான் விதி.

பட்டை நல்லதே செய்தது, இல்லையென்று சொல்ல முடியாது. "புரிஞ்சுதா?" என்று ஆசிரியர் கேட்பதும், புரியாதவன்தான் முதலில் தலையாட்டுவதும் நம் ஊர் வகுப்பறைகளில் காலங்காலமாக நடந்துவந்த நாடகம். அந்த நாடகத்துக்குப் பட்டை திரை போட்டது. அரியர் வைத்த பையன்கள் பாஸானார்கள். பெற்றோர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்புறம் வங்கிக்குப் போயிற்று, மருத்துவமனைக்குப் போயிற்று, நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஃபோனில் பேசும்போதுகூட ஒரு நிமிடம் புரியாவிட்டால் கேட்பவர் கையில் மணி அடிக்கும். அடித்ததும் "முதல்லேருந்து சொல்றீங்களா?" என்று கேட்பது வணக்கம் சொல்வது போலப் பழகிவிட்டது.

அன்று பச்சையை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் மங்கையர்க்கரசியின் ஃபோன் அடித்தது. பழைய மாணவன் இளம்பரிதி. பூவரசந்தாங்கல் ஏரிக்குப் பொறியாளர். வேலை நேரத்தில் அழைக்கிறான் என்றால் விஷயம் இருக்கும்.

"மேடம், கிளாஸ்ல இருக்கீங்களா? சாரி மேடம். இங்க மூணு நாளா மழை. ஏரி தளும்புது. மிச்சத் தண்ணி கலங்கல் வழியா வெளிய போயிட்டுதான் இருக்கு, இருந்தாலும் கரையைப் பார்த்தா பயமா இருக்கு. பெரிய ஆளுங்க யாரும் ஃபோனை எடுக்கல."

"பதறாதடா. புது விசைமதகு போட்டிருக்காங்கல்ல?"

"நாலு இருக்கு மேடம். நாலையும் முழுசா திறந்தா மத்தியானத்துக்குள்ள பாதி ஏரி இறங்கிடும். திறக்கட்டுமான்னு கேக்கத்தான் போட்டேன்."

மங்கையர்க்கரசிக்கு உற்சாகம் பிறந்தது. இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஃபோனின் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார். கரும்பலகையில் ஏரியும் கரையும் வரைந்தார்.

"கேட்டீங்கல்ல? உங்க சீனியர் கரைமேல நின்னு பேசறார். இப்ப சொல்லுங்க. கரையை முட்டுற தண்ணி குறைஞ்சா, கரைக்கு ஆபத்து கூடுமா குறையுமா?"

"குறையும் மேடம்!" என்று வகுப்பே கத்தியது. முன்வரிசையில் இருந்த வகுப்புப் பிரதிநிதி ரிஸ்வானாவின் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்டது. பலகை பச்சையில் மின்னியது.

"ஆனா..." என்று ஆரம்பித்தார் மங்கையர்க்கரசி.

ஆரம்பித்த பிறகு, அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்று நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் பலகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் எட்டிப் பார்த்தது. எட்டு ஆண்டுகளில் மஞ்சளைக் கண்டால் அவர் நாக்கு தானாகவே வழியை மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தது.

"ஆனா ஒண்ணுமில்ல. திறந்துடு இளம்பரிதி. நாலையும் முழுசா திற."

மஞ்சள் மறைந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஃபோனுக்கு அந்தப் பக்கம் இளம்பரிதியும் நிம்மதியாகச் சிரித்தான்.

அன்று மாலைக்குள் பூவரசந்தாங்கல் கரை உடைந்துவிட்டது.

மறுநாள் காலையில் மங்கையர்க்கரசி அங்கே போனபோது மழை விட்டிருந்தது. கீழே இருந்த நெல்வயல்களைக் காணவில்லை. சேறும் முறிந்த மரங்களும்தான் கிடந்தன. ஊர்ச்சனங்களை முந்தின நாளே பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏற்றியிருந்ததால் தப்பித்தார்கள். தப்பிக்காதது மதகுக்காரர் வரதன் ஒருவர்தான். அவர் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

இளம்பரிதி உடைப்பின் ஓரத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"மேடம், வெளிப்பக்கமா உடையும்னுதான் நெனச்சேன். மணல் மூட்டையெல்லாம் ஊர்ப்பக்கமா அடுக்கி வெச்சேன். பாருங்க, ஒரு மூட்டைகூட அசையல. தண்ணி பாதி இறங்கினப்புறம், உள்பக்கமா, ஏரிக்குள்ள சரிஞ்சுது மேடம். நாலாவது கதவு நடுவுல சிக்கிடுச்சு. வரதண்ணன் நான் இறங்கி கையால சுத்தறேன்னாரு. நான்தான் போங்கண்ணேன்னு சொன்னேன்."

கையை நீட்டி உடைப்பைக் காட்டினான்.

மங்கையர்க்கரசி கரையைப் பார்த்தார். மண் ஏரிப்பக்கம் சரிந்து கிடந்தது. தண்ணீர் குறைந்துகொண்டிருந்த பக்கம். சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நேற்று வகுப்பில் நாக்கு நுனியில் நின்றது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது.

"எனக்கு இது தெரியும்டா" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "இது எனக்கு நல்லா தெரியும்."

"என்ன மேடம் தெரியும்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஏரி நிறைந்திருக்கும்போது தண்ணீர் கரையை முட்டுகிறது என்பது உண்மை. அதே தண்ணீர் உள்பக்கச் சரிவின்மேல் சாய்ந்து, அதைத் தாங்கியும் பிடிக்கிறது. மூன்று நாள் மழையில் கரையும் உள்ளுக்குள் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. ஏரியை மெதுவாக இறக்கினால் கரைக்குள் இருக்கிற தண்ணீரும் கூடவே வடிந்துவிடும். சரசரவென்று இறக்கினால் வெளியே தாங்கிய கை போய்விடும், உள்ளே குடித்த தண்ணீர் அப்படியே நிற்கும். அது மண்ணை உள்ளிருந்து பிதுக்கித் தள்ளும். கரை ஏரிப்பக்கமே சரியும். அதன் உச்சி தாழ்ந்ததும், மேலிருந்து வருகிற வெள்ளம் அந்தப் பள்ளத்தின் வழியே பாயும். அந்தக் காலத்துச் சின்ன மதகுகளில் ஏரியை இப்படி அவசரமாக இறக்கவே முடியாது. புது விசைமதகுகளில் முடியும்.

இளம்பரிதி முழித்தான். "தண்ணி குறைஞ்சா பாரம் குறையும்ல மேடம்?"

"குறையும். தாங்கறதும் குறையும்."

"அது எப்படி மேடம் ரெண்டும்?"

அவன் பட்டை நேற்றே வெள்ளத்தில் நனைந்து செத்துப்போயிருந்தது. அதனால் நிமிடமணி அடிக்கவில்லை. புரியாமல் இவ்வளவு நேரம் அவன் இருந்ததே இல்லை. முகமெல்லாம் வேர்த்தது. இரண்டு தடவை எழுந்து நடந்தான், திரும்பி வந்து சண்டை போட்டான், மண்ணில் கோடு கிழித்தான், அழித்தான். அவரும் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை, விட்ட இடத்திலேயே நின்று மேலும் மேலும் சொன்னார். அரைமணி நேரம் போயிருக்கும். திடீரென்று அவன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஐயோ" என்றான். "ஐயோ மேடம். நான் திறக்காம இருந்திருந்தா?"

"மெதுவா திறந்திருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா."

"இதை எங்களுக்கு நடத்தினீங்களா மேடம்?"

"இல்ல."

"ஏன் மேடம்?"

மங்கையர்க்கரசி நேரே பார்த்துப் பதில் சொன்னார். "சிவப்பா எரிஞ்சுது."

உண்மையிலேயே வேறு காரணம் எதுவும் இல்லை. பட்டைக்கு முந்தைய காலத்தில் இந்தப் பகுதியை அவர் இரண்டு வகுப்பு நடத்துவார். பிள்ளைகள் திருதிருவென்று முழிப்பார்கள். கான்டீன்வரை பின்னாலேயே வந்து வாதாடுவார்கள். மறுநாள் ஒருத்தி ஓடி வந்து "மேடம், பஸ்ல வரும்போது புரிஞ்சுடுச்சு" என்பாள். பட்டை வந்த பிறகு அந்த மறுநாளுக்கு இடமில்லாமல் போயிற்று. முதல் வருடம் இந்தப் பகுதிக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் அதை ஒரே வகுப்பாக்கினார். அதற்கடுத்து ஒரு வாக்கியம். அப்புறம் "ஆனா" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. நேற்று அதற்கும் முடிவு வந்தது. இதில் எதையும் அவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. அவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்ததாக நினைத்தார். பிள்ளைகள்தான் அவருக்கு நடத்தியிருக்கிறார்கள்.

"மேடம், இன்னொண்ணு" என்றான் இளம்பரிதி. "நான் லேட்டா திறந்ததாலதான் உடைஞ்சுதுன்னு மேல பேசிக்கறாங்க. என்னை சஸ்பெண்ட் பண்ணப் போறாங்க. அது போகட்டும். வர்ற புயலுக்கு முன்னாடி மாவட்டத்துல எல்லா ஏரியையும் உடனே முழுசா திறக்கணும்னு உத்தரவு தயாராயிடுச்சு. நாளன்னிக்கு விசாரணை முடிஞ்சதும் கையெழுத்தாம்."

"எல்லா ஏரியுமா?"

"மேல்தாங்கலும்தான் மேடம்."

மேல்தாங்கல் ஏரிக்குக் கீழேதான் அவர்கள் கல்லூரி இருந்தது. ஏரித்தண்ணீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு நிலத்தை வாங்கிக் கட்டியது. பெண்கள் விடுதியின் பின்சுவருக்கும் கரைக்கும் நடுவே ஒரு கைப்பந்து மைதானம்தான் இடைவெளி.

மறுநாள் வகுப்பில் மங்கையர்க்கரசி இதையே நடத்திப் பார்த்தார். இளம்பரிதிக்குப் புரிந்ததல்லவா, இவர்களுக்கும் புரியும் என்ற நம்பிக்கை. கரைக்குள் குடித்த தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பலகை சிவந்தது. நிமிடமணி அடித்தது. முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அடித்தது. ரிஸ்வானா கலவரத்தோடு எழுந்து நின்றாள். "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று உண்மையான அக்கறையுடன் கேட்டாள். கடைசி வரிசையில் ஒரு பையன் பயந்துபோய் அழவே ஆரம்பித்துவிட்டான். ஒரு நிமிடத்துக்கு மேல் புரியாமலிருப்பது அவனுக்கு நோய் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

துறைத் தலைவர் புருஷோத்தமன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். கல்லூரிக்குப் பட்டையைக் கொண்டுவந்தவரும் அவரே.

"என்ன மேடம், உங்க கிளாஸ்ல போய் இவ்வளவு சிவப்பு?"

"சார், அந்தப் பட்டை என்னத்தைத்தான் அளக்குது?"

"இதென்ன கேள்வி? புரிஞ்சுட்டா மனசு ஓயும். படபடப்பு அடங்கும். அந்த ஓய்வை அளக்குது."

"தப்பா புரிஞ்சாலும் மனசு ஓயுமே சார்?"

புருஷோத்தமன் நெற்றியைச் சுருக்கினார். அவர் கைப்பட்டையில் மஞ்சள் எட்டிப் பார்த்து, சிவந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க மேடம்" என்றார். பச்சையானது.

விசாரணை, தாலுகா அலுவலகத்துக் கூடத்தில் நடந்தது. ஊர்க்காரர்கள், அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. நுழையும்போதே எல்லோருக்கும் பட்டை கட்டினார்கள், இளம்பரிதிக்கும் புதிதாக ஒன்று கட்டினார்கள். மேடைக்கு மேலே பெரிய புரிவுப்பலகை. விதி எளிமையானது. சாட்சி சொல்வது கூடத்துக்கே புரிய வேண்டும். பலகை முழுக்கப் பச்சையானால்தான் வாக்குமூலம் பதிவாகும், பதிவானதும் ஒலிவாங்கி அணைந்துவிடும். சட்டம் சாமானியனுக்குப் புரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த விதி.

மங்கையர்க்கரசி கூண்டில் ஏறினார். இரவெல்லாம் தூங்காமல் தயார் செய்திருந்தார். தண்ணீர் சாய்ந்து தாங்குகிற கை, உள்ளே கனத்த கரை, எல்லாவற்றையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக வைத்திருந்தார்.

"தண்ணியை வேகமா இறக்கினதாலதான் கரை சரிஞ்சுது" என்று தொடங்கினார்.

கூடம் சிவந்தது. தண்ணீரை இறக்கினால் எப்படிக் கரை சரியும் என்று யாரோ சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார். மணி அடித்தது.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் விசாரணைத் தலைவர், மரியாதையாகத்தான்.

அவர் முதலிலிருந்து சொன்னார். மணி. வேறு மாதிரி சொன்னார். மணி. அந்தக் கருத்தைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் இருட்டில் இருக்கத் தயாராக இல்லை, விதியும் விடவில்லை. எதிரே இளம்பரிதி உட்கார்ந்திருந்தான். சிவப்புக்கு நடுவே அவன் ஒருவனுடைய புள்ளி மட்டும் பச்சையாக எரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றார்.

"எளிமையா சொல்லுங்கம்மா. ஜனங்களுக்குப் புரியணும்ல?" என்றார் தலைவர். "கரை எப்படிப்பட்டது?"

"கரை பழசு" என்றார். சிவப்பு மஞ்சளாயிற்று. அவர் உடம்பெல்லாம் அந்த மஞ்சளை உணர்ந்தது. எட்டு வருடப் பழக்கம் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது.

"மழை எப்படி?"

"மழை அளவுக்கு மீறினது." பாதிக் கூடம் பச்சை. இளம்பரிதியின் புள்ளி மட்டும் இப்போது சிவந்திருந்தது. அவன் இருக்கையில் பாதி எழுந்துவிட்டான். வேண்டாம் மேடம் என்பது போல் தலையை ஆட்டினான்.

நிறுத்து என்று அவர் தனக்குத்தானே சொன்னார். நாக்கு நிற்கவில்லை.

"யார் மேலயும் தப்பில்ல" என்றது நாக்கு. "அந்தப் பையன் மேலயும் தப்பில்ல."

இளம்பரிதி மெல்ல உட்கார்ந்தான். வரதனைப் போங்கண்ணே என்று அனுப்பியவன், மூன்று நாட்களாக ஒரு வாய் சோறு இறங்காதவன். அந்த வார்த்தை அவனைத் தொட்டதை மங்கையர்க்கரசி தன் கண்ணாலேயே பார்த்தார். தோள்கள் தளர்ந்தன. மூச்சு சீரானது. பலகையில் மிச்சமிருந்த ஒரே சிவப்பும் பச்சையாயிற்று. கரை சரிந்ததைக் கண்ணால் கண்டவன், அரைமணி நேரம் போராடி அதைப் புரிந்துகொண்டவன். அவனும்.

"அப்ப, மழைக்கு முன்னாடியே முழுசா திறந்துடறதுதான் நல்லது" என்றார் தலைவர்.

"இல்ல, ஆனா..." என்று மங்கையர்க்கரசி கத்தினார். ஒலிவாங்கி அணைந்திருந்தது.

"பதிவாயிடுச்சு மேடம். எல்லாருக்கும் நல்லா புரிஞ்சுது" என்று எழுத்தர் புன்னகைத்தார். மங்கையர்க்கரசி குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதுவும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தபோது தோல் கீறி ரத்தம் வந்தது.

தலை குனிந்த இளம்பரிதி நிமிரவே இல்லை. மங்கையர்க்கரசி மேடைக்கு ஓடித் தலைவரிடம் கெஞ்சினார். உத்தரவு கணினி வழியாகப் போய்விட்டதென்றும், விசைமதகுகள் தாமாகவே திறந்திருக்குமென்றும் தலைவர் கனிவோடு சொன்னார்.

வாசலுக்கு வந்து ரிஸ்வானாவை அழைத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தவறான எண்ணை அழுத்தினார்.

"ரிஸ்வானா, எங்க இருக்க?"

"ஹாஸ்டல்லதான் மேடம். எல்லாரும் மாடில நின்னு பார்த்துட்டு இருக்கோம். மேல்தாங்கல் மதகு நாலையும் திறந்துட்டாங்க. என்ன வேகமா இறங்குது தெரியுமா! சூப்பரா இருக்கு மேடம்."

"எல்லாரையும் கூட்டிட்டு உடனே வெளிய போ. மேட்டுப்பக்கம், மெயின் ரோட்டுக்கு. இப்பவே."

"ஏன் மேடம்?"

"காரணம் அப்புறம் சொல்றேன். முதல்ல போம்மா!"

"வார்டன் கேப்பாங்களே மேடம். தண்ணிதான் இறங்குதே, இனிமே என்ன பயம்? நீங்கதானே அன்னிக்கு சொல்லிக்குடுத்தீங்க."

மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். தாங்குகிற தண்ணீர், குடித்த கரை, உள்பக்கச் சரிவு. ஒன்றையும் விடாமல், எதையும் எளிமையாக்காமல், அழுதுகொண்டே சொன்னார். அந்தப் பக்கம் அந்தப் பெண் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கஷ்டப்பட்டுக் கேட்கிறாள் என்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான்.

ஃபோனில் மணி அடித்தது.

"சாரி மேடம், சிவப்பு அடிச்சிடுச்சு" என்றாள் ரிஸ்வானா. "முதல்லேருந்து சொல்றீங்களா?"